தன் கையைத் தானே படம் எடுத்த வர்தா: ‘நான்’ பேசும் ஆவணப்படம்

[காட்சி: கறுப்புத் திரை. குரல் மட்டும்.]

ஒரு அம்மா, ஒரு கையில சின்ன டிஜிட்டல் கேமராவைப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையைப் படம் எடுக்கிறாங்க. ரொம்ப கிட்டத்துல. சுருக்கம், நரம்பு, தோல்ல விழுந்த புள்ளி எல்லாம் தெரியுது.

[காட்சி: வயதான கை ஒன்றின் கோட்டோவியம்]

அவங்க பிரெஞ்சு இயக்குநர் ஆன்யெஸ் வர்தா. 1928-ல பிறந்தவங்க. இந்தப் படம் வந்தது 2000-ல. அறுவடை முடிஞ்ச வயல்ல மிச்சத்தைப் பொறுக்குறவங்க, சந்தை கலைஞ்சதும் கீழே கிடக்கிற காய் பழத்தை எடுத்துக்கிறவங்க, இவங்களைப் பத்தின ஆவணப்படம். நாம கதிர் பொறுக்குறதுன்னு சொல்வோமே, அதேதான்.

அதுல இவங்க கை எதுக்கு வருது?

பதில் படத்தோட பிரெஞ்சுப் பேர்லயே இருக்கு: ‘பொறுக்குகிறவர்களும், பொறுக்குகிறவளும்’. அந்த ஒருத்தி வர்தாதான். மத்தவங்க கதிர் பொறுக்குறாங்க, இவங்க காட்சி பொறுக்குறாங்க.

[காட்சி: குவியலாக உருளைக்கிழங்கு]

ரொம்பப் பெருசு, வடிவம் சரியில்லைன்னு கழிச்சுக் கட்டின உருளைக்கிழங்கை வயல்ல கொட்டிட்டுப் போயிடறாங்க. அதுல இதய வடிவத்துல சிலது கிடைக்குது. வர்தா அதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போறாங்க. தெருவுல கிடந்த, முள் இல்லாத கடிகாரத்தையும் வீட்டுல கொண்டுவந்து வைக்கிறாங்க. வயசான அந்தக் கையைப் பார்த்த நமக்கு, உதவாதுன்னு ஒதுக்கின எதையும் அதுக்கப்புறம் சாதாரணமா பார்க்க முடியலை. இயக்குநரே ‘நான்’னு படத்துக்குள்ள வந்து பேசுறது அந்தப் படத்துல செய்யுற வேலை இதுதான்: யார் கண் வழியா பார்க்கிறோம்னு நமக்குக் காட்டிக் கொடுக்குது.

இன்னொரு இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கேமராவை அணைக்க மறந்துட்டு நடக்கிறாங்க. லென்ஸ் மூடி கயித்துல தொங்கி ஆடுறது பதிவாயிடுது. வேற யாரா இருந்தாலும் வெட்டி எறிஞ்சிருப்பாங்க. வர்தா அதுக்கு ஜாஸ் இசை போட்டு, மூடியை நடனமாட விட்டாங்க!

[காட்சி: மேற்குக் கரை வரைபடம், பில்இன் கிராமம்]

சில பேருக்கு ‘நான்’னு சொல்றதைத் தவிர வேற வழியே கிடையாது. பில்இன் கிராமத்துப் பாலஸ்தீன விவசாயி எமாத் புர்னாத், 2005-ல நாலாவது மகன் பிறந்தப்போ கேமரா வாங்கினார். அந்த நேரத்துல இஸ்ரேலோட தடுப்பு வேலி கிராமத்து நிலத்துக்குள்ள வருது. குழந்தையை எடுக்கிற கேமராவே போராட்டத்தையும் எடுக்குது. ஒண்ணு உடைய, அடுத்தது, அதுவும் உடைய, இன்னொண்ணு. உடைஞ்ச அஞ்சு கேமராவும்தான் படத்தோட அஞ்சு பகுதி. 2011-ல வந்த அந்தப் படத்தை கை டேவிடி (Guy Davidi)ங்கிற இஸ்ரேலியரோட சேர்ந்து இயக்கினார்.

[காட்சி: இரும்பு ட்ரங்குப் பெட்டி]

இப்போ உங்க வீட்டுக்கு வருவோம். நீங்களும் இப்படி ‘நான்’னு பேசி, ஆச்சியோட ட்ரங்குப் பெட்டியைப் படம் எடுக்கிறீங்கன்னு வைங்க. குரல் பதிவுல “இது என் ஆச்சியின் பழைய பெட்டி”ன்னு சொல்லாதீங்க, அது திரையிலேயே தெரியுது. “இந்தப் பெட்டி திறந்து நான் பார்த்ததே இல்லை”ன்னு சொல்லுங்க. கேமராவால காட்ட முடியாததைச் சொல்லத்தான் உங்க குரல் வேணும். சொல்லிட்டு, கேமராவைப் பூட்டு மேலயே வெச்சு, பத்து விநாடி பேசாம இருங்க.

எடிட் முடிஞ்சதும், வெளியிடறதுக்கு முன்னாடி, ஆச்சியைப் பக்கத்துல உட்கார வெச்சு முழுசா போட்டுக் காட்டுங்க. அவங்க எதை வேண்டாம்னு சொல்றாங்களோ, அதை எடுத்துடுங்க.