வெற்றிலையில் தடவும் அந்தப் பழுப்பு

சரி, எல்லாரும் உட்கார்ந்தாச்சா? இந்த மண்டபத்துக்கு வரும் வழியில் எத்தனை வெற்றிலைக் கடைகளைத் தாண்டி வந்தீர்கள்? ரங்கூனில் தெருமுனைக்கு ஒன்று இருக்கும். கடைக்காரர் வெற்றிலையைப் பரப்பி, சுண்ணாம்பு தடவி, பாக்கைப் போட்டு, அப்புறம் பழுப்பாக எதையோ தொட்டு வைப்பார். அது என்னடா என்று என் பேரனைக் கேட்டேன். "ஏதோ மசாலா தாத்தா" என்றான்.

மசாலா இல்லை, அது ஒரு மரத்தின் உயிர். நாம் காசுக்கட்டி என்கிறோம். மரத்துக்குப் பர்மியர்கள் வைத்த பெயர் ஷா, தமிழில் செங்கருங்காலி. மாலை கோத்து விற்கிறார்களே, அந்தக் கறுப்புக் கருங்காலி தும்பி இனத்தது. இது வேறு, வேல மரத்துக்கு உறவுக்காரன்.

நடுப் பர்மாவில் மாந்தளை, மாகுவே, சகாயிங் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். இங்கே ரங்கூனில் வருஷத்துக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிற மழையை அரக்கான் மலைத்தொடர் அங்கே போகவிடாமல் மறித்துவிடுகிறது, பல ஊர்களில் 1,000 கூடத் தேறாது. அந்தக் காய்ந்த, கல்லும் சரளையுமான மண்ணில் பொடி இலையும் இரட்டை இரட்டையாய்க் கொக்கி முள்ளுமாக இந்த மரம் நிற்கும். தழை ஆட்டுக்கு, முள்கிளை வேலிக்கு, விறகு அடுப்புக்கு, கரியானால் நின்று எரியும்.

ஆனால் சங்கதி உள்ளே இருக்கிறது. வெளிறு என்கிற வெளிக்கட்டையைச் செதுக்கி எறிந்தால் கருஞ்சிவப்பு வைரம், அதாவது கெட்டியான உள்கட்டை. கறையான் லேசில் தொடாது, அதனால் வீட்டுத் தூணுக்கும் உலக்கைக்கும் ஏர்க் கருவிகளுக்கும் போகும். காசுக்கட்டிக்கு அந்த வைரத்தைச் சிறு சிறு சிராய்களாக்கி, பானையில் தண்ணீர் விட்டு மணிக்கணக்காகக் கொதிக்கவைப்பார்கள். சாறு இறங்கினதும் சக்கையை வடித்து, சாற்றை மட்டும் மறுபடி அடுப்பிலேற்றி, நம் வீட்டில் வெல்லப்பாகு காய்ச்சுவதுபோல் கிண்டிக் கிண்டிக் குழம்பாக்கி, இலை மேலேயோ பாய் மேலேயோ ஊற்றி ஆறவிட்டால் கட்டியாகிவிடும். கொஞ்சம் கிள்ளி நாக்கில் வைத்துப் பாருங்கள், முதலில் துவர்ப்பு, அப்புறம் லேசான இனிப்பு.

அந்தக் காலத்தில் இது பெகு என்ற நம் பர்மா ஊரின் பெயரோடு கப்பலேறிச் சீமைக்குப் போனது. தோல் பதனிட, துணிக்குப் பழுப்புச் சாயம் ஏற்ற, மீன்வலையும் பாய்மரத் துணியும் உப்புத் தண்ணீரில் மக்காமலிருக்க, எல்லாவற்றுக்கும் இதுதான். அதற்கு முன்னால் வெள்ளைக்காரர்கள் இதை ஏதோ மண்கட்டி, ஜப்பானிலிருந்து வருகிறது என்று நினைத்து "ஜப்பான் மண்" என்றே பெயர் வைத்திருந்தார்கள்! இன்று தேயிலை விளம்பரத்தில் கேட்டசின், கேட்டசின் என்று ஒரு சத்தைச் சொல்கிறார்களே, அந்தப் பெயரும் இந்தக் கட்டியிலிருந்து பிறந்ததுதான்.

நடுவில் ஒரு மனத்தாங்கல். காட்டிக்கொடுக்கிறவனை நாம் கருங்காலி என்று திட்டுகிறோம். உறுதியான மரம், கோடரிக்குக் காம்பாகி மற்ற மரங்களை வெட்டுகிறது, அதனால் துரோகியாம். காம்பு செதுக்கினவன் யாரப்பா? அவனுக்கு ஒரு வசவும் இல்லை.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. மரத்தின் புகழ் பாடுகிறேன் என்பதற்காக வாய் நிறைய வெற்றிலை போடுங்கள் என்று சொல்லவில்லை. பாக்கு சேர்ந்த தாம்பூலம் புகையிலை இல்லாவிட்டாலும் வாய்ப்புற்று தரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே வெளியிட்டுவிட்டது.

பனை மரத்தில் பதநீர் இறக்கினாலும் பனை அப்படியே நிற்கும். இது அப்படியில்லை, கட்டி வேண்டுமென்றால் மரத்தைச் சாய்த்தே ஆகவேண்டும், வைரம் பாயப் பல வருஷம் காத்திருக்கவும் வேண்டும். வெட்டுகிற வேகத்துக்கு வளர முடியாது. ஒரே ஆறுதல், அடிமரத்தை வேரோடு பிடுங்காமல் விட்டால் துளிர்த்து வரும். தோண்டி எடுக்கிறவர்களைக் கண்டால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

மேக்திலா, மியின்ஜான் பக்கம் தரிசு வைத்திருக்கிறவர்கள் போகும்போது என்னைப் பாருங்கள், காய்ந்த நெற்று ஒரு பை கொண்டுவந்திருக்கிறேன். விதையை ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, மழை தொடங்கியதும் நேரே நிலத்திலேயே ஊன்றிவிடலாம். முதல் இரண்டு மூன்று வருஷம் மட்டும் ஆட்டிடமிருந்து காப்பாற்றுங்கள், முள் இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள், ஆடு முள்ளுக்குப் பயப்படாது.