கோட்டை வாசலுக்கு வெளியே

நேயர்களுக்கு வணக்கம்.

ரோமானியப் பேரரசின் எல்லைக் கோட்டைகளைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். கோட்டை என்றதும் போர், முற்றுகை, வாள் சண்டை என்று எதிர்பார்த்து வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். எனக்குச் சண்டையில் அக்கறை கிடையாது. அந்தப் படைவீரன் யாரிடம் செருப்பு வாங்கினான், எங்கே போய்ப் பீர் குடித்தான், பொழுது சாய்ந்ததும் யார் வீட்டுக்குப் போனான் என்பதில்தான் பல வருடங்களாக என் மனம் கிடக்கிறது.

இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வடக்கு இங்கிலாந்து. கி.பி. 122-ஆம் ஆண்டு வாக்கில் ஹேட்ரியன் என்ற பேரரசர் அங்கே ஒரு சுவர் எழுப்பச் சொன்னார். கிழக்குக் கரையில் தொடங்கி மேற்குக் கரை வரை ஏறத்தாழ 117 கிலோமீட்டர். ஒவ்வொரு ரோமானிய மைலுக்கும் ஒரு சிறு காவல் கோட்டை. அப்புறம் சுவரை ஒட்டி ஆங்காங்கே ஐந்நூறு, ஆயிரம் பேர் தங்குகிற பெரிய கோட்டைகள். இந்த அளவு தெரிந்தால் போதும், படம் எதுவும் வேண்டாம்.

கட்டியவர்கள் ரோமானியக் குடிமக்களைக் கொண்ட மூன்று பெரும்படைகள். காவல் காத்தவர்கள் வேறு. இன்றைய பெல்ஜியம், நெதர்லாந்து, ஸ்பெயின், சிரியா என்று பேரரசின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் திரட்டிய துணைப்படையினர். பெரும்பாலோர் ரோம் நகரத்தைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்த ஆட்களுக்குச் சம்பளம் காசாக வந்தது. நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது இதைத்தான். பொட்டல்வெளியில் ஒரு பொறியியல் கல்லூரி திறந்தால் ஆறு மாதத்தில் அதன் வாசலில் என்னென்ன முளைக்கிறது? டீக்கடை, ஜெராக்ஸ் கடை, மெஸ், சலூன். கோட்டை வாசலிலும் அதுவேதான் நடந்தது. தெருவைப் பார்த்த ஒடுங்கிய முகப்பு, முன்பக்கம் கடை அல்லது பட்டறை, பின்பக்கம் குடித்தனம் என்று நீள நீளமான வீடுகள் வரிசையாக எழுந்தன. கொல்லன், தோல் வேலைக்காரன், மது விற்பவன், அவர்களோடு பெண்களும் குழந்தைகளும். சேவையில் இருக்கும் சிப்பாய் சட்டப்படி திருமணம் செய்யக் கூடாது, கிட்டத்தட்ட கி.பி. 197 வரை அதுதான் விதி. விதி பாட்டுக்கு விதி இருந்தது, குடும்பங்கள் பாட்டுக்குக் குடும்பங்கள் இருந்தன.

இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். வின்டோலாண்டா என்றொரு கோட்டை. சுவருக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது. சுவர் வருவதற்கு முப்பது, நாற்பது வருடங்களுக்கு முன்பே மரத்தால் கட்டிய கோட்டை அது. ஒரு படை கிளம்பியதும் பழையதை இடித்து, களிமண்ணும் புல்மண்ணும் போட்டு மூடி, அதன் மேலேயே அடுத்ததைக் கட்டினார்கள். காற்றுப் புகாமல் அடியில் இருந்ததெல்லாம் அப்படியே தங்கிவிட்டது. 1973-இல் ராபின் பர்லி என்ற அகழாய்வாளர் அங்கே தோண்டியபோது, இழைப்புளி சீவித் தள்ளிய சுருள் மாதிரி மெல்லிய மரத்துண்டுகள் கிடைத்தன. ஒட்டியிருந்த இரண்டைப் பிரித்தால் உள்ளே மையால் எழுதிய எழுத்து! காற்றுப் பட்டதும் எழுத்து மங்கிப்போனது. அகச்சிவப்புக் கதிர் கொண்டு படம் எடுத்துத்தான் படிக்க முடிந்தது. அஞ்சலட்டை அளவுக் கடிதங்கள். கி.பி. 100-ஐ ஒட்டி எழுதியவை.

என்ன எழுதியிருந்தார்கள்? ஒருவருக்குப் பொருள் வருகிறது: காலுறைகள், இரண்டு ஜோடி செருப்பு, இரண்டு உள்ளாடை. வடக்கு இங்கிலாந்துக் குளிர் தெரிந்தவர்கள் காலுறையின் அருமையை உணர்வார்கள். மாஸ்க்ளுஸ் என்ற குதிரைப்படை அதிகாரி தன் தலைவருக்கு எழுதுகிறார். நாளைக்கு நாங்கள் எல்லோரும் திரும்பிவர வேண்டுமா, பாதிப்பேர் வந்தால் போதுமா என்று பணிவாகக் கேட்டுவிட்டு, கடைசியில் மெல்ல விஷயத்துக்கு வருகிறார்: பையன்களிடம் பீர் தீர்ந்துவிட்டது, கொஞ்சம் அனுப்பச் சொல்லுங்கள்.

இன்னொன்று ஆள்கணக்கு. துங்ரியர் என்ற, இன்றைய பெல்ஜியப் பக்கத்து மக்களிடமிருந்து திரட்டிய படைப்பிரிவு, பட்டியலில் 752 பேர். அதில் 456 பேர் கோட்டையிலேயே இல்லை, வேறு வேறு வேலைக்குப் போயிருக்கிறார்கள். மிச்சம் 296. அதிலும் நோயாளிகள் 15, காயம்பட்டவர்கள் 6, கண்வலிக்காரர்கள் 10. ஆக, வேலைக்குத் தகுதியானவர்கள் 265. பேரரசின் எல்லையைக் காக்கும் லட்சணம் இப்படி இருந்திருக்கிறது. அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த ஏடு புதிதாகவே தோன்றாது.

எனக்கு மிகப் பிடித்தது கிளாடியா செவேரா எழுதியது. வேறொரு கோட்டைத் தலைவரின் மனைவி. வின்டோலாண்டாவின் தலைவருடைய மனைவி சுல்பிசியா லெபிடினாவைச் சகோதரி என்று அழைத்து, செப்டம்பர் 11 என் பிறந்தநாள், நீ வந்தால்தான் எனக்கு அந்த நாள் இனிக்கும் என்கிறாள். கடிதத்தை எழுத்தர் எழுதியிருக்கிறார். முடிவில் சில வரிகள் மட்டும் அவளே தன் கையால். கோணல்மாணலான எழுத்து, ஆனால் பாசம் சொட்டுகிறது. லத்தீனில் ஒரு பெண் தன் கையால் எழுதி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்துகளில் ஒன்று இது. படைத்தளபதிகள் எழுதிய வரலாறுகளில் இந்தப் பிறந்தநாள் எப்படி வரும்?

இன்னொரு ஏட்டில் வீரர்கள் வாங்கிய சாமான்களின் கணக்கு. கம்பாக்ஸ் என்பவன் பெயருக்கு நேரே, மிளகு, 2 டெனாரி. டெனாரி என்பது ரோமானிய வெள்ளிக் காசு. சாதாரணச் சிப்பாய்! மிளகு அன்றைக்குக் கப்பலேறியது நம் மேற்குக் கரையிலிருந்து, சேரரின் முசிறி போன்ற துறைமுகங்களிலிருந்து. யவனர் கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதைச் சங்கப் புலவர் பாடியிருக்கிறாரே, அந்த மிளகு போய்ச் சேர்ந்த இடங்களில் இந்தக் குளிர்ந்த குன்றும் ஒன்று.

கிழக்குக் கோடியில் சவுத் ஷீல்ட்ஸ் என்ற ஊரில் ஒரு கல்லறைக் கல் இருக்கிறது. பாராத்தெஸ் என்பவர் சிரியாவின் பல்மைராக்காரர். தெற்கு பிரிட்டனைச் சேர்ந்த ரெஜினா என்ற அடிமைப் பெண்ணை விடுவித்து மணந்துகொண்டார். அவள் முப்பது வயதில் இறந்துபோனாள். நாற்காலியில் அமர்ந்து, பக்கத்தில் கம்பளி நூல் கூடையோடு அவள் உருவத்தைச் செதுக்க வைத்தார். மேலே லத்தீனில் முறைப்படி எல்லாம் எழுதியாயிற்று. அதன் கீழே தன் சொந்த ஊரான பல்மைராவின் எழுத்தில் ஒரே ஒரு வரி: பாராத்தெஸ் விடுவித்த ரெஜினா, ஐயோ. அந்த ஊரில் எத்தனை பேருக்கு அதைப் படிக்கத் தெரிந்திருக்கும்?

சரி, நேரம் ஓடுகிறது. பின்னால் என்ன ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். மூன்றாம் நூற்றாண்டின் இறுதிக்குள் வின்டோலாண்டாவிலும், சுவரை ஒட்டிய ஹவுஸ்ஸ்டெட்ஸ் கோட்டையிலும் வாசல் ஊர்கள் காலியாகிவிட்டன. படை இருக்கிறது, ஊர் இல்லை! இதற்குப் பல காரணங்கள் சொல்கிறார்கள். நான் நம்புவது சம்பளத்தை. நாணயத்தில் வெள்ளி குறைந்து மதிப்பு விழுந்தது. வீரனுக்குக் காசுக்குப் பதிலாகத் தானியமும் துணியும் வந்தது. கையில் காசு புழங்காத இடத்தில் கடைக்காரனுக்கு என்ன வேலை?

கி.பி. 410 வாக்கில் ரோமானிய ஆட்சியே பிரிட்டனில் முடிந்தது. ஆனால் பேர்டாஸ்வால்ட் கோட்டையில் ஆட்கள் கிளம்பவில்லை. இடிந்த தானியக் களஞ்சியத்தின் மேல் ஒரு பெரிய மரக்கூடம் கட்டி, பழைய படையின் வழிவந்தவர்கள் ஒரு தலைவனுக்குக் கீழே வாழ்ந்திருக்க வேண்டும். அந்தத் தூண்கள் நின்ற இடங்களில் இன்று மரக்கட்டைகளை நட்டு வைத்திருக்கிறார்கள்.

ஐரோப்பாவில் பேரரசின் இன்னொரு எல்லையாக இருந்த டான்யூப் ஆற்றங்கரைக் கோட்டைகளின் கதையையும் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வியன்னா, புடாபெஸ்ட் இரண்டுமே கோட்டையடி ஊர்கள். ரேகன்ஸ்பர்க் நகரில் 179-ஆம் ஆண்டுக் கோட்டையின் ஒரு வாசல் இப்போதும் தெருவோரம் நிற்கிறது. இங்கிலாந்திலோ கோட்டைகள் கல் குவாரியாயின. ஹெக்ஸம் தேவாலயத்தின் நிலவறையில், 674 வாக்கில், ரோமானியக் கல்வெட்டுகளையே பெயர்த்து வந்து வைத்துக் கட்டியிருக்கிறார்கள். 1750-களில் ராணுவத்துக்குச் சாலை போட வேண்டுமென்று சுவரையே பல மைல் தூரம் இடித்து அடியில் பரப்பினார்கள். மிஞ்சியதில் ஒரு பெரும் பகுதி தப்பியது, நியூகாசிலைச் சேர்ந்த ஜான் கிளேட்டன் என்ற வழக்கறிஞர் அந்த நிலங்களைத் தன் பணத்தில் வாங்கிப் போட்டதால். அவரைப் பற்றிப் பேசவே தனியாக ஒரு நாள் வேண்டும். நிலையத்தார் அழைத்தால் வருகிறேன். நன்றி, வணக்கம்.