எழுந்து நிற்கும் மூன்று நிமிடம்

நேயர்களுக்கு வணக்கம். மனநலக் காப்பகத்தில் நெடுநாள் தங்கியிருக்கும் ஒருவர் கீழே விழுந்தால், "பார்த்து நடக்கத் தெரியவில்லை" என்று அவர் மேலேயே பழியைப் போட்டுவிடுகிறோம். பல நேரங்களில் காரணம் அவர் சாப்பிடும் மாத்திரையில் இருக்கிறது.

மனநோய்க்குக் கொடுக்கும் குளோசபின், குளோர்புரோமசின், குவெட்டியாபின் போன்ற மருந்துகள் ரத்தக் குழாய்களைத் தளர்த்திவிடும். படுத்திருந்தவர் சட்டென்று எழுந்தால் ரத்தம் கால்பக்கம் இறங்கி, தலை கிறுகிறுக்கும். இதைக் கண்டுபிடிக்க ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி போதும். 5 நிமிடம் படுக்கவைத்து அளவெடுங்கள். எழுந்து நின்ற முதல் நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் மறுபடி எடுங்கள். மேல் அளவு 20, அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். புது மருந்து தொடங்கும்போதும் அளவைக் கூட்டும்போதும் இதைச் செய்தே ஆக வேண்டும். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் நெடுநாள் சாப்பிட்ட டயஜபாம் மாத்திரையைத் திடீரென்று விட்டால் வலிப்பு வரக்கூடும்.

மனநோய்க்கான இன்னொரு மருந்தான ஹாலோபெரிடால் சாப்பிடுபவர் கை வீசாமல், காலைத் தேய்த்து நடக்கிறாரா என்று கவனியுங்கள். அது சோம்பல் அல்ல, மருந்தால் வரும் தசை இறுக்கம்.

மனநிலை ஏற்ற இறக்கத்துக்குக் கொடுக்கும் லித்தியம் மாத்திரையில் இன்னொரு கண்ணி இருக்கிறது. விழுந்த வலிக்கு யாரோ டைக்ளோஃபெனாக் கொடுப்பார்கள். அது லித்தியத்தை உடம்பிலேயே தேக்கிவிடும். கை நடுங்கும், கால் தள்ளாடும், மறுபடியும் விழுவார். வயிற்றுப்போக்கும் வெயிலில் தண்ணீர் குறைவதும் இதையே செய்யும்.

இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் சிறுவிளக்கு எரியட்டும். தூங்கப்போகும் முன் ஒருமுறை கழிப்பறைக்கு அழைத்துச் செல்லுங்கள். கட்டிலில் உட்கார்ந்தால் பாதம் முழுதும் தரையில் படவேண்டும். லுங்கியோ நைட்டியோ கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும். குந்தி எழும் கழிப்பறையில் சுவரோடு இறுகப் பொருத்திய கைப்பிடி வேண்டும். துண்டு மாட்டும் கம்பி ஆள் எடையைத் தாங்காது.

விழுந்துவிடுவார் என்று தயவுசெய்து கட்டிப்போடாதீர்கள். கட்டிக்கிடந்தால் தொடைத்தசை வற்றும்; அவிழ்த்த நாளில் நிற்கவே முடியாது. அதற்குப் பதிலாக நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியைத் தினமும் கூட இருந்து செய்யவையுங்கள்.

விழுந்தவரை உடனே தூக்கி நிறுத்தவும் வேண்டாம். மனச்சிதைவு உள்ள சிலர் எலும்பு முறிந்தாலும் வலியைச் சொல்லமாட்டார்கள். "வலிக்கவில்லை" என்றாலும் கால்களைப் பாருங்கள். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம். அசைக்காமல் 108-ஐ அழையுங்கள்.