மாரிகாலத்தில் கிழநாய்க்கு ஒரு காய்ந்த இடம்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

மாரி தொடங்கினால் வானொலியில் பேசுவதற்கு விடயங்களுக்குக் குறைவில்லை. காலபோக விதைப்பு, பசளை, குளத்து நீர்மட்டம், டெங்கு என்று எல்லாமே அவசரமானவை. இன்று எனக்குத் தந்திருக்கும் நேரத்தை உங்கள் விறாந்தையில் சுருண்டு கிடக்கும் வயதான நாய்க்காக எடுத்துக்கொள்கிறேன். கால்நடைத் துறையில் வேலை செய்து ஓய்வுபெற்றவன் நான். மாட்டுக்கு ஊசி போடப் போன வீடுகளில்தான் இந்த நாய்களைப் பழகினேன். படலையைத் திறந்ததும் குரைத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுத் தந்தவை அவைதான்.

வன்னியில் இன்று பதின்மூன்று, பதினான்கு வயதில் இருக்கும் நாய்கள் எந்தக் காலத்துப் பிள்ளைகள் என்று யோசித்துப் பாருங்கள். போர் முடிந்து முகாம்களிலிருந்து திரும்பி வந்து, தறப்பாள் கொட்டிலில் இருந்துகொண்டு காணி துப்புரவாக்கிய காலம் அது. வளவெல்லாம் பற்றை. இரவானால் பாம்பு, பன்றி, சில ஊர்களில் யானை. கொட்டிலுக்குக் கதவும் இல்லை. யாரோ ஒருவர் ஒரு குட்டியைக் கொண்டுவந்து தந்தார். 2009 இல் விட்டுவிட்டு வந்த நாயை நினைத்து அழுத பிள்ளைகள் அந்தக் குட்டியை இடுப்பிலிருந்து இறக்கவில்லை. பிறகு கல்வீடு வந்தது, மின்சாரம் வந்தது, பிள்ளைகள் படிக்கவும் உழைக்கவும் போய்விட்டார்கள். அந்தக் குட்டிதான் இன்று கிழடாகி வாசலில் கிடக்கிறது. இதற்கு இந்த மாரியைக் கடத்திக் கொடுக்க வேண்டியது நம் கடமை என்று நான் நினைக்கிறேன்.

இங்கே என்ன பனிமழையா கொட்டுகிறது, நாய்க்குக் குளிர் ஒரு பொருட்டா என்று சிலர் கேட்பதுண்டு. மார்கழி, தை மாத இரவுகளில் நமது பக்கத்தில் வெப்பநிலை 20 பாகை செல்சியஸை ஒட்டி இறங்கும். காய்ந்த உடம்புக்கு அது தாங்கக்கூடிய குளிர். நனைந்த உடம்புக்குத் தாங்காது. அசையாத காற்றைவிட நீர் இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். நாயின் உடல் வெப்பம் 38 முதல் 39 பாகை வரை இருக்கும், நம்மைவிடக் கூட. நமது ஊர் நாய்களுக்கு மயிர் குட்டை, அடியில் பஞ்சுபோன்ற மயிரும் இல்லை. வயதாகும்போது தசை வற்றும், தோலுக்கடியில் கொழுப்புக் குறையும். அந்த உடம்பில் ஈரம் ஏறி, அதன்மேல் வாடைக்காற்றும் அடித்தால் வெப்பம் வடிந்துபோய்விடும்.

2022 மார்கழியை மறந்திருக்க மாட்டீர்கள். மன்டோஸ் புயல் வங்கக் கடலில் நின்ற அந்த நாட்களில், மழையும் காற்றும் சேர்ந்து அடித்து வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் செத்துக் கிடந்தன. அவ்வளவு பெரிய மாடு குளிரில் சாகுமா என்று அன்று கேட்காதவர் இல்லை. வயல் விதைத்த காலம் என்பதால் மாடுகள் ஒதுங்க இடமில்லாமல் வெளியில் நின்றன. நனைந்தன, காயவில்லை. மாட்டுக்கே அந்தக் கதி என்றால், எலும்பும் தோலுமான கிழநாயைப் பற்றிக் கேட்கவும் வேண்டுமா? ஈரம்தான் எதிரி, நேயர்களே. இதை இன்றைக்கு நான் பலமுறை சொல்லப்போகிறேன்.

விசுவமடுப் பக்கம் ஒரு ஆச்சி. அவர் வீட்டு நாய்க்குப் பெயர் கறுப்பன். ஒரு கார்த்திகை மாதம், மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த நேரம், ஆச்சியின் பேரன் தொலைபேசியில் அழைத்தான். "ஐயா, கறுப்பன் எழும்புகிறான் இல்லை. பின்னங்கால் இழுத்துவிட்டது போல. ஊசி போட்டு முடித்துவிடலாமா என்று அப்பா கேட்கிறார்." வந்து பார்க்கிறேன், அதுவரை ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொன்னேன்.

போனபோது கறுப்பன் விறாந்தையில் கிடந்தது. சீமெந்துத் தரை. கூரைத் தாழ்வாரத்திலிருந்து விழும் நீர் தெறித்து, தூவானமும் சேர்ந்து, நாய் கிடந்த இடம் முழுவதும் ஈரம். தடவிப் பார்த்தேன். இடுப்பு மூட்டைத் தொட்டதும் முனகியது. பாரிசவாதம் அல்ல, மூட்டுத் தேய்வு. காலை நீட்டி மடக்கினால் மடங்குகிறது, கிள்ளினால் இழுக்கிறது. இவ்வளவு நாளும் எங்கே படுத்தது என்று கேட்டேன். ஆச்சி உடனே சொன்னார்: "மாட்டுக் கொட்டிலில்தான், தம்பி. பசுவின் முதுகோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். போன சித்திரையில் மாட்டை விற்றோம், கொட்டிலையும் பிரித்தோம். அதற்குப் பிறகுதான் இங்கே கிடக்கிறது."

பாருங்கள், நாய் தனக்கு வேண்டியதைத் தானே தேடி வைத்திருந்தது. வைக்கோல் பரப்பு, பசுவின் சூடு, காற்றுக்கு மறைப்பு. அதெல்லாம் ஒரே நாளில் போனது வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை, ஆச்சியைத் தவிர.

ஆச்சியே இடத்தையும் காட்டினார். குசினிக்குப் பின்புறம், அடுப்பு இருக்கும் சுவரின் மறுபக்கம். காலையிலும் மாலையிலும் விறகு எரிவதால் அந்தச் சுவர் வெகுநேரம் இளஞ்சூடாக இருக்கும். பேரன் நான்கு சீமெந்துக் கற்களை வைத்து அதன்மேல் ஒரு பழைய கதவுப் பலகையைப் போட்டான். ஒரு சாண் உயரம்கூட இல்லை; கிழநாய் ஏற வேண்டுமே. பலகைமேல் வைக்கோல் அடைத்த சாக்கு, அதன்மேல் ஆச்சியின் பழைய சேலை. மேலே இரண்டு தகரம். வடக்கையும் கிழக்கையும் படங்கால் மறைத்து, வாசலைத் தெற்கே விட்டார்கள். மாரியில் வாடையும் கொண்டலும்தானே மழையைத் தள்ளிக்கொண்டு வரும். இடத்தைப் பெரிதாகவும் கட்டவில்லை. நாய் ஒருமுறை சுற்றிப் படுக்கிற அளவு போதும். கூடு பெரிதானால் நாயின் உடற்சூடு அதில் தங்காது.

ஆச்சி இன்னொன்றும் செய்தார். பிள்ளை பெற்றவர்களுக்கு ஒத்தடம் கொடுத்த கை அல்லவா? மணலை வறுத்துத் துணியில் முடிந்து, தன் மணிக்கட்டில் வைத்துப் பார்த்துச் சூடு ஆறிய பிறகு, காலையில் நாய் எழும்ப முன் அதன் இடுப்பில் ஒற்றினார். விறைத்த மூட்டு இளகுவதற்கு இது நல்ல முறை. மணிக்கட்டில் வைத்துப் பார்ப்பதை மட்டும் யாரும் விடக்கூடாது. சுட்டாலும் விலகி ஓடக் கிழநாயால் முடியாது. சில நாட்களில் கறுப்பன் தானாக எழும்பி வேலியோரம் போய்ச் சிறுநீர் கழித்தது. மூட்டு புதிதாகிவிடவில்லை. காய்ந்த இடம் கிடைத்தது, அவ்வளவுதான். அதற்குப் பிறகும் இரண்டு மாரி கண்டது.

சீமெந்துத் தரையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் வீடுகள் மண் தரையிலிருந்து சீமெந்துக்கும் மாபிளுக்கும் மாறியது நமக்கு நல்லது. கிழநாய்க்கு அந்தத் தரை இரட்டைத் துன்பம். உடம்புச் சூட்டை உறிஞ்சும், ஈரமானால் வழுக்கும். நடை குறைந்த நாய்க்கு நகமும் நீண்டுவிடும். நீண்ட நகம் தரையைப் பிடிக்காது. நகத்தை வெட்டிவிடுங்கள். படுக்கையிலிருந்து வாசல் வரைக்கும் சாக்கை விரித்துவிடுங்கள். நாய் மழைக்குப் பயந்து சிறுநீரை அடக்கிக்கொண்டு கிடப்பதும் உண்டு. கூரைக்குக் கீழேயே ஒரு மூலையில் மணல் கொட்டிப் பழக்கினால் அதுவும் தீரும். படுக்கை நனைந்தால் அன்றே மாற்றுங்கள்.

ஆச்சியின் மகன் கனடாவில் இருக்கிறார். அங்கும் ஒரு கிழநாய். அங்கே உறைபனி வழுக்காமல் இருக்க வீதியில் உப்புத் தூவுவார்கள். அது விரலிடுக்கில் ஏறி எரியும், நக்கினால் வயிற்றுக்கும் ஆகாது. அதனால் வெளியே போய்வந்ததும் பாதங்களை இளஞ்சூட்டு நீரில் கழுவித் துடைக்கிறார்கள். விரலிடுக்கில் பனிக்கட்டி உருண்டு அடைத்துவிடும் என்று அங்குள்ள மயிரையும் கத்தரிக்கிறார்கள். முதுகுக்குச் சட்டை போட்டு, நடையைச் சுருக்கி, நாளுக்கு இரண்டுமுறை போகும் தூரத்தை நான்காகப் பிரித்துக் கூட்டிப்போகிறார்கள். இந்த நிகழ்ச்சியை இணையத்தில் கேட்கும் வெளிநாட்டு நேயர்கள் இதைக் கவனியுங்கள். நமக்கும் இதில் பாடம் உண்டு. மழையில் போய்வந்த நாயின் பாதத்தைத் துடையுங்கள். நமக்குச் சேற்றுப்புண் வருவது போலவே அதற்கும் விரலிடுக்கு புண்ணாகும். ஈ மொய்த்தால் புழு வைக்கும். வயிற்றையும் காதையும் சேர்த்துத் துடைத்துவிடுங்கள். ஒரு பழைய துவாயை அதற்கென்றே கொடியில் போட்டு வையுங்கள்.

நடுங்கும் நாயைவிட, நடுங்கிக்கொண்டிருந்து நடுக்கம் நின்று சோர்ந்துபோன நாய்க்குத்தான் ஆபத்து அதிகம். பல் முரசு வெளுத்திருக்கும், கூப்பிட்டால் திரும்பாது. அப்போது நெருப்பருகே போடாதீர்கள். நன்றாகத் துவட்டி, போர்வையால் சுற்றி, இளஞ்சூட்டு நீர் நிரப்பிய போத்தலைத் துணியில் பொதிந்து வயிற்றோரம் வைத்து, கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை காட்டுகிறார்கள். உணவைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். சோற்றை இளஞ்சூடாக, கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு மூன்று தடவையாகக் கொடுங்கள். கருவாடும் வெங்காயம் போட்ட கறியும் வேண்டாம். குளிரில் தண்ணீர் குடிக்காது. இளஞ்சூடாக வைத்தால் குடிக்கும். மூட்டு வலிக்கு நாம் குடிக்கும் பரசிற்றமோலோ இபுபுறூபனோ ஒருபோதும் கொடுக்காதீர்கள், ஈரலும் சிறுநீரகமும் கெட்டுவிடும். நாய்க்கென்று மருந்து இருக்கிறது, வைத்தியரைக் கேளுங்கள். விசர்நாய்த் தடுப்பூசி போடப் போகும்போது எலிக்காய்ச்சல் தடுப்பூசியையும் விசாரியுங்கள்.

கடைசியாக ஒன்று. இரணைமடுக் குளமோ முத்தையன்கட்டுக் குளமோ வவுனிக்குளமோ நிரம்பி வான் பாயப் போகிறது என்ற அறிவித்தல் காதில் விழுந்ததும் நாயின் சங்கிலியைக் கழற்றிவிடுங்கள். பொருட்களை உழவு இயந்திரத்தில் ஏற்றுகிற அவசரத்தில் பின்வளவில் கட்டியிருப்பதை மறந்துவிடுவோம். இளம் நாய் நீந்தும், கிழநாய் நீந்தாது. அதை உழவு இயந்திரப் பெட்டியில் தூக்கிப்போட்டுக்கொண்டு போங்கள்.

நன்றி, வணக்கம்.