பலெங்கே: மகன் கட்டி முடித்த கோயில்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

மெக்சிகோ, குவாத்தமாலா பகுதிகளின் தொல்குடிகளான மாயர் கட்டிய கோயில்களின் இடிபாடுகளைக் காணச் செல்வோரிடம் என் வேண்டுகோள் ஒன்றே: கட்டடத்தின் உயரத்தை வியப்பதோடு நின்றுவிடாமல், அங்கே எழுதப்பட்டிருப்பது என்னவென்று அறிந்துகொண்டு செல்லுங்கள். மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்தில், காடு போர்த்திய மலைச்சரிவில் நிற்கும் பலெங்கே நகரத்துக் கல்வெட்டுக் கோயிலை மனத்தில் வைத்தே இதைச் சொல்கிறேன்.

கி.பி. 615இல், 12 வயதில் அரியணை ஏறி 683 வரை ஆண்ட பக்கால் என்னும் மன்னருக்கான இக்கோயிலை, அவர் மறைந்தபின் மகன் கான் பாலம் கட்டி முடித்தார். கோயில் தளத்தின் கற்பலகை ஒன்றில், கல் அடைப்பான்களால் மூடிய துளைகள் வரிசையாக இருப்பதைக் கண்டு ஐயுற்ற தொல்லியலாளர் அல்பெர்த்தோ ரூஸ், அதைப் பெயர்த்துப் பார்த்தபோது, கல்லும் மண்ணும் இட்டு வேண்டுமென்றே தூர்க்கப்பட்ட படிக்கட்டு ஒன்று கீழே இறங்கியது. தூர் அகற்றவே நான்கு அகழாய்வுப் பருவங்கள் பிடித்தன. 1952இல் அடியிலிருந்த கல்லறை திறக்கப்பட்டது. பச்சைக்கல் முகமூடியோடு மன்னர் உள்ளே கிடந்தார்.

அந்தப் படிக்கட்டின் ஓரமாகவே, கல்லறையிலிருந்து கோயில் தளம்வரை கல்லாலான ஒடுங்கிய குழாய் ஒன்று ஏறிவருகிறது. இறந்தவரின் ஆவி மேலே வழிபடுவோரை எட்டுவதற்கான வழி அது என்பது ஆய்வாளர்கள் கருத்து. படிகளை அடைத்தவர்கள் இந்த ஒரு வழியை மட்டும் விட்டுவைத்தார்கள் என்பதே இக்கோயிலில் என்னை மிகவும் நெகிழச் செய்வது.

கல்லறைப் பேழையின் மூடியில் உள்ள சிற்பத்தைக் காட்டி, மன்னர் விண்கலம் ஓட்டுகிறார் என்று சொல்லும் காணொளிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தயவுசெய்து நம்பாதீர்கள். அவருக்குக் கீழே விரிந்திருப்பது பாதாளத்தின் வாய். மேலே எழுவது, பாதாளத்தையும் மண்ணையும் வானையும் இணைப்பதாக மாயர் நம்பிய உலகமரம். அதன் உச்சியில் ஒரு பறவை. பேழையின் பக்கங்களிலோ, அவருடைய முன்னோர்கள் கொக்கோ முதலிய பழமரங்களோடு மண்ணைப் பிளந்து முளைக்கிறார்கள். தாய் தந்தையின் பெயர்களும் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. குடும்பத்தின் வரலாற்றைக் கல்லில் இவ்வளவு தெளிவாக எழுதிவைத்த மக்களிடமிருந்து அதைப் பறித்து வேற்றுக்கிரகத்தாருக்கு அளிப்பது பெரும் அநீதி.

கல்லறை திறந்த அதே 1952இல், மாயர் எழுத்துகளில் பேச்சொலிகளைக் காட்டும் ஒலிக்குறிகள் உண்டு என்று சோவியத் அறிஞர் யூரி க்னோரசோவ் எழுதினார். 1973இல் பலெங்கேயிலேயே கூடிய அறிஞர்கள் இந்நகரத்து மன்னர்களின் வரிசையை வாசித்தெடுத்தார்கள். அந்த எழுத்துகளின் மொழிக்கு நெருங்கிய உறவான சோல் மொழியை, சுற்றியுள்ள ஊர்களில் மாயர் மக்கள் இன்றும் வீட்டில் பேசுகிறார்கள்.