தோடி இப்போது வேண்டாம், நோட்டு ஸ்வரம் போதும்

எல்லோருக்கும் வணக்கம். வீணை திரும்ப வாசிக்க ஆரம்பித்துவிட்டேன் என்று சொன்னதும் உங்களில் பலர் தோடி ராகம் கேட்டீர்கள். தோடி இப்போது வேண்டாம். இன்றைக்கு நோட்டு ஸ்வரம் என்கிற, அசைவே இல்லாத நேரான பாட்டுகளை வாசிக்கப்போகிறேன். ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு வந்த நோய் கில்லன் பாரே சிண்ட்ரோம். 2025 தொடக்கத்தில் புனேயில் பலருக்கு வந்ததே, அதேதான். நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே நரம்பைத் தாக்கிவிடும். பாதத்தில் மரத்துப்போக ஆரம்பித்தது, மேலே ஏறிக் கைக்கும் வந்தது. இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தை ஏற்றினார்கள், பிழைத்தேன். ஆஸ்பத்திரிக் கதை அவ்வளவு போதும்.

அதற்கப்புறம்தான் விஷயமே. சேதமான நரம்பு மறுபடி வளர்வதென்றால் ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான். கழுத்திலிருந்து விரல் நுனி வரை எவ்வளவு தூரம், யோசித்துப் பாருங்கள். தோளும் முழங்கையும் முதலில் தேறின. வீணைக்கு வேண்டிய விரல் நுனி கடைசியில்தான் வருகிறது.

வீணையில் வலது கை மீட்டுவது ஓரளவு சீக்கிரமே வந்துவிட்டது. இடது கைதான் பாடு. மெட்டின் மேல் கம்பியை அழுத்தினால் மட்டும் போதாது, பக்கவாட்டில் இழுக்க வேண்டும், அப்போதுதான் கமகம், அதாவது ஸ்வரத்தின் அசைவு, வரும். தோடியின் காந்தாரம் என்ற ‘க’ ஸ்வரம் சும்மா ஓரிடத்தில் நிற்காது, அசைந்துகொண்டே இருக்கும். அதற்கு விரலில் பலமும் வேண்டும், எவ்வளவு இழுத்தோம் என்று தெரிகிற உணர்ச்சியும் வேண்டும். எனக்கு இரண்டுமே இல்லை. காய்ப்பும் போய்விட்டதால் கம்பி பட்ட இடமெல்லாம் எரிந்தது. 3 கட்டையிலிருந்து 2 கட்டைக்குச் சுருதியை இறக்கினேன். கம்பி தளர்ந்ததில் கொஞ்சம் சுலபமானது, ஆனாலும் கமகம் வரவில்லை.

அப்போது நினைவுக்கு வந்ததுதான் முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டு ஸ்வரங்கள். ஆங்கிலேயர்களின் பாண்டு வாத்தியத்தில் கேட்ட ட்யூன்களுக்கு அவர் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் போட்டார். ஏறக்குறைய 40 இருக்கின்றன. எல்லாம் சங்கராபரண ராகத்தின் ஸ்வரங்கள்தான், ஆனால் கமகமே கிடையாது, ஒவ்வொரு ஸ்வரமும் நேராக நிற்கும். ‘சந்ததம் பாஹிமாம்’ பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் ட்யூன்! இதையெல்லாம் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது என்று ஒதுக்குகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. இழுக்க முடியாத விரலுக்கு முழுசாக ஒரு பாட்டு கிடைத்தது. வெறும் பயிற்சி இல்லை, பாட்டு. அந்த வித்தியாசம் படுத்துக் கிடந்தவர்களுக்குப் புரியும்.

அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் கீத் ஜாரெட்டுக்கு 1996-இல் கடுமையான களைப்பு நோய் வந்தது. மேடையில் மணிக்கணக்கில் அப்போதைக்குத் தோன்றியதை வாசித்தவர், கச்சேரிகளை நிறுத்திவிட்டார். பிறகு வீட்டிலேயே பழைய பாட்டுகளையும் நாட்டுப் பாட்டுகளையும் நகாசு வேலை அதிகம் இல்லாமல் வாசித்துப் பதிவு செய்தார். மனைவிக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகச் செய்தது, 1999-இல் ஆல்பமாக வந்தது. கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு நோட்டுக்கும் அவர் தருகிற இடம் இருக்கிறதே, அது முடியாமையால் மட்டும் வந்தது என்று என்னால் நம்ப முடியவில்லை. அந்த உடம்பால் என்ன முடியுமோ அதற்குப் பொருத்தமான சங்கீதத்தைத் தேடி எடுத்திருக்கிறார்.

உங்களில் யாராவது கீமோ முடித்துவிட்டோ, பக்கவாதத்துக்கு அப்புறமோ வாத்தியத்தைத் திரும்ப எடுக்கிறீர்கள் என்றால், பழைய கச்சேரிப் பதிவைப் போட்டு அதன் வேகத்தோடு போட்டி போடாதீர்கள். இன்றைக்கு இருக்கிற கைக்கு ஏற்ற பாட்டாக ஒன்றைத் தேடுங்கள். உங்கள் பிசியோதெரபிஸ்டிடம் வாத்தியத்தையே கொண்டுபோய்க் காட்டுங்கள். எனக்கு மணிக்கட்டை எப்படித் தாங்கிக்கொள்வது என்று அப்படித்தான் தெரிந்தது. களைப்பு வந்தால் பாதி வரியில்கூட நிறுத்தலாம்.

இந்த வாரம் மத்யமம் என்ற ‘ம’ ஸ்வரத்தில் சின்னதாக ஓர் அசைவு வர ஆரம்பித்திருக்கிறது. நோட்டு ஸ்வரம் முடிந்ததும் அதையும் வாசித்துக் காட்டுகிறேன். சரி, சுருதி சேர்த்துவிட்டு ஆரம்பிக்கலாம்.