விமானத்தின் பழைய பெயின்டை உரிப்பது எப்படி?

நேயர்களுக்கு வணக்கம். விமானத்துக்கு மறுபடி பெயின்ட் அடிக்கும் முன் பழையதை எடுத்தாக வேண்டும். விரிசலும் அரிப்பும் அதன் அடியில்தான் ஒளிந்திருக்கும். முன்பெல்லாம் மெத்திலீன் குளோரைடு கலந்த திரவத்தைப் பூசி, பெயின்ட் கொப்பளித்ததும் சுரண்டி எடுப்பார்கள். மூச்சுக்கும் கேடு, கழிவும் விஷம். 1980-களில் அமெரிக்காவின் யூட்டாவில் உள்ள ஹில் விமானப்படைத் தளத்தில், எஃப்-4 போர் விமானங்கள்மீது பிளாஸ்டிக் துகளைக் காற்றோடு பீய்ச்சிப் பெயின்டை எடுத்தார்கள். கோதுமை மாவுச்சத்துத் துகள் பின்னால் வந்தது.

மணலையே வீசினால் என்ன? தகட்டைப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் தகட்டின் மேல், அரிப்பைத் தடுக்கும் சுத்த அலுமினியப் படலம் சுமார் 0.05 மில்லிமீட்டர்தான். தலைமுடிப் பருமன்கூட இருக்காது. மணல் அதை நொடியில் தின்றுவிடும். மோஸ் அளவில் மணலின் கடினம் 7. பிளாஸ்டிக் துகள் 3 முதல் 4 வரைதான்.

நாஸிலில் 20 முதல் 40 பிஎஸ்ஐ அழுத்தம் போதும். ஓர் அடி முதல் இரண்டடி தள்ளி, சாய்த்துப் பிடித்து, கையை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே இடத்தில் நிறுத்தினால் தகடு வளையும். அதைவிட மோசம், அடிபட்ட அலுமினியம் விரிசலின் வாயை மூடிவிடும்; பிறகு சாயம் ஊற்றிச் சோதித்தாலும் விரிசல் தெரியாது. அதனால்தான் முதலில் மெல்லிய சோதனைத் தகட்டில் அடித்து, அது எவ்வளவு வளைகிறது என்று அளக்கிறார்கள். கண்ணாடியிழைப் பாகங்களில் பிரைமர் எனும் அடிப்பூச்சு தெரிந்ததும் நிறுத்துவதே நல்லது. இழை வெளியே வந்தால் பழுது பெரிது.

துகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். ஆனால் அதில் மணலோ இரும்புத் தூளோ சேரக் கூடாது. 100 கிலோவுக்கு 20 கிராம் என்பதே ராணுவத் தரக்குறிப்பு விதிக்கும் உச்ச வரம்பு. தரையில் சிந்தியதை அப்படியே அள்ளிப் போடுவது பெரிய தவறு.

பழைய பிரைமரில் குரோமேட் என்ற குரோமிய உப்பு இருக்கும். அந்தத் தூசி புற்றுநோய் தரும். வெளிக்காற்று வரும் தலைக்கவசம் இல்லாமல் துகள் பீய்ச்சும் இடத்துக்குள் போகவே கூடாது.

வேகத்தை அளக்க உதவும் பிட்டோ குழாய், காற்றழுத்தத் துளைகள், பேரிங், ஜன்னல் எல்லாவற்றையும் முன்பே அலுமினிய டேப் ஒட்டி மூட வேண்டும். வேலை முடிந்ததும் இணைப்பு இடுக்குகளையும் வடிகால் துளைகளையும் வேக்குவம் போட்டு உறிஞ்ச வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவுவது அதற்குப் பிறகுதான். இடுக்கில் தங்கிய மாவுச்சத்து நனைந்தால் ஊறி, பசையாகித் துளையை அடைத்துக்கொள்ளும்.